தொண்ணூற்றாறு டிகிரி

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மூவரும் சௌக்கியம். போன வாரத்துக்கு இந்த வாரம் என் ரத்த அழுத்தமும் சௌக்கியம். அங்கே வீட்டில் எல்லோரும், கடையில் எல்லா டப்பாக்களும் நலம்தானே?

உங்கள் பெயிண்ட் கடையில் மகளுக்கு ஒரு வேலை போட்டு வையுங்கள் என்று கேட்டிருந்தேன் அல்லவா, இனி வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அவள் மதிப்பெண் ஐம்பத்தெட்டு. திருப்பிப் படித்தால் எண்பத்தைந்து, ஆனால் எந்தக் கல்லூரியும் திருப்பிப் படிப்பதில்லை. அதை வைத்துக்கொண்டு பொறியியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அளவுக் கருவிகள் பற்றிய படிப்பு ஒன்றுக்கு மட்டும் செய்முறைத் தேர்வும் உண்டென்று கேள்விப்பட்டுப் போனாள். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அவர்கள் தரும் வெப்பமானியில் எத்தனை டிகிரி என்று பார்த்து எழுத வேண்டும், அவ்வளவுதான். தொண்ணூற்றாறு என்று எழுதிவிட்டு வந்திருக்கிறாள். எனக்குப் பகீரென்றது. தண்ணீர் நூறில் கொதிக்கும் என்பது எங்கள் வீட்டு அடுப்புக்கே தெரியும். சாப்பாட்டு மேஜையிலேயே பிடித்துக்கொண்டேன், நூறுன்னு போட வேண்டியதுதானே, உனக்கென்ன கேடு என்று. தட்டைப் பார்த்துக்கொண்டே, "மூணு தடவ பாத்தேம்ப்பா. நூறு இல்லையே," என்றாள். அவளும் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை.

மறுநாள் கல்லூரியிலிருந்து அழைப்பு, அப்பாவும் வரணுமாம். பேராசிரியர் வாயைத் திறக்குமுன் நான் திறந்துவிட்டேன். பொண்ணு சுமார்தான் சார், கணக்கும் சுமார், ஞாபகமும் சுமார், ஏதோ தெரியாம எழுதிட்டா, மன்னிச்சு விட்டுடுங்க என்று மூச்சுவிடாமல் கொட்டினேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் மகளையும் சேர்த்துக் கெடுக்கப் பார்த்தேன். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெப்பமானிகள் எல்லாவற்றையும் வேண்டுமென்றே நாலு டிகிரி குறைத்துக் காட்டும்படி வைத்திருந்தோம் என்றார். அறுபத்திரண்டு பேரில் அறுபத்தொரு பேர் நூறு என்று எழுதியிருக்கிறார்கள்.

"கணக்க நாங்க சொல்லிக்குடுத்துக்கலாம். பாக்காதத எழுதாம இருக்கறதச் சொல்லிக்குடுக்க முடியல," என்றார். இடம் கிடைத்துவிட்டது மச்சான். அங்கேயே அழுதுவிட்டேன், சொல்ல வெட்கமில்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாறாங்கல்லை யாரோ எடுத்து ஓரமாக வைத்த மாதிரி இருக்கிறது.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
நிம்மதியாகத் தூங்கி எழுந்த
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் மகள் புது அளவுநாடாவோடு வந்து, "அப்பா, கொஞ்சம் நேரா நில்லுங்க," என்றாள். கல்யாணப் பேச்சில் ஐந்தடி ஏழு அங்குலம் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பித்தானே தங்கையைக் கொடுத்தீர்கள்? மூன்று முறை அளந்து ஒரு தாளில் எழுதியும்விட்டாள், ஐந்தடி நாலுதான். வயதில் தேய்ந்திருப்பேன் என்றேன், எடுபடவில்லை. உங்கள் தங்கை அந்தத் தாளை பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். கடையில் அந்த வேலையை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம். அவளுக்கில்லை, எனக்கு. மேல் அலமாரி டப்பாக்களை மட்டும் வேறு யாராவது எடுத்துத் தரட்டும்.