செத்த கிருமியும் வேனின் முன் சீட்டும்

மரியாதைக்குரிய மச்சானுக்கு, எழுத்து தெரியாத நான் வாயால் சொல்ல, என் மகள் கையால் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே தங்கச்சியின் முழங்கால் எப்படி இருக்கிறதோ, நீங்கள் சொன்னால்தானே தெரியும்.

ஆற்றுப் பாலம் உடைந்து, அதே மாதம் சினிமாக் கொட்டகையும் எரிந்துபோன வருஷம் உங்கள் கல்யாணம். வேனில் முன் சீட்டு பெண்ணின் அண்ணனுக்கு என்று பேசி வைத்திருக்க, உங்கள் சித்தப்பா ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் அவர் சட்டையைத்தான் இழுத்தேன். சட்டைக்குள் அவரும் இருந்து, சேர்ந்து கீழே விழுந்தது என் குற்றமா? "அப்பா, இது வேணாமே" என்கிறாள் மகள். எழுதும்மா, நடந்ததுதானே. அன்றோடு நீங்களும் என் வாசல் மிதிக்கவில்லை, தங்கச்சியையும் அனுப்பவில்லை.

போன வாரம் மகள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போனேன். தலைக்குத் தொப்பி, வாய்க்கு முகமூடி, காலுக்கு உறை என்று மாட்டிவிட்டதில் மூச்சுப் பட்டுக் கண்ணாடி மங்கி, எதிரே நின்ற குளிர்பெட்டியை அவள் மேலதிகாரி என்று நினைத்து வணக்கம் வைத்து, அது பதிலுக்கு உறுமி, நான் பின்வாங்கியதில் உண்மையான மேலதிகாரியின் காலை மிதித்து, ஒருவழியாக ஒரு கூண்டின் முன்னால் போய் நின்றோம். உள்ளே வெள்ளை எலி. என்னைக் கண்டதும் முதுகைத் திருப்பிக்கொண்டது. உங்கள் ஞாபகம் வந்தது.

"இதுக்கு என்னம்மா நோய்?"

"இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் வீங்கியிருக்குப்பா. காய்ச்சல் வந்த சில குழந்தைங்களுக்கு இப்படித்தான் ஆகுது. குழந்தைகிட்ட சோதிச்சுப் பாக்க முடியாதே, அதான் எலி."

"கிருமியை ஏத்துனீங்களா?"

"செத்த கிருமிதான். உடைச்சு, அந்தச் சக்கையை ஊசியில போட்டோம்."

"செத்ததுகிட்ட என்ன சண்டை?"

"அது செத்தது உடம்புக்குத் தெரியலப்பா. இன்னும் சண்டைன்னு நெனச்சு, சொந்தக் குழாயையே போட்டு அடிக்குது. அந்தக் கோபத்தை அடக்கத்தான் மருந்து தேடறோம்."

மச்சான், சித்தப்பா போய்ச் சேர்ந்தார். டிரைவரும் போனார். வேன் பழைய இரும்புக்குப் போயிற்று. நீங்கள் மட்டும் இன்னும் வீங்கிக்கொண்டு இருக்கிறீர்கள். அடிபடுவது என் தங்கச்சி. எனக்குக் கோபம் துளியும் இல்லை. வேன் அனுப்புகிறேன், இரண்டு பேரும் வாருங்கள். பிள்ளைகளுக்கு என் ஆசி, உங்களுக்கு என் கும்பிடு.

பி.கு.: அழைக்க நானும் வேனில் வருவேன். முன் சீட்டு எனக்குத்தான். அன்றைக்கே பேசியாயிற்று. சந்தேகமென்றால் சாட்சியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், நேரிலேயே கேட்டுவிடலாம். அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது ஒரே ஒருத்தி: என் தங்கச்சி.