நேம் சர்வர் மாற்றமும் காரிமங்கலத்துப் பெண்ணின் நிச்சயமும்

பாலக்கோடு,
வியாழக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை கதிரவன் அவர்களுக்கு, மாமனார் மாரப்பன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தை ராணியம்மாளும் சுகம். பெங்களூரில் நீங்களும் என் மகள் சுசித்ராவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமாக இல்லாவிட்டாலும் இதை முழுவதும் படித்துவிட்டுப் படுக்கவும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் "சரிங்க மாமா, சரிங்க மாமா" என்பீர்கள், எனக்குக் கோபம் ஆறிவிடும். அது ஆறக் கூடாது என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். மெயிலில் அனுப்பலாம் என்றால், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மெயிலுக்கு மூச்சு பேச்சில்லை.

சர்க்கரை ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் நான் நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்கு இணையதளம் அமைத்துக் கொடுத்தவர் நீங்கள். அதற்கு நன்றி உண்டு. ஆனால் போன வாரம் நீங்கள் போனில் சொன்னதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. "மாமா, பழைய கம்பெனி சரியில்லீங்க. சைட்டைப் புது இடத்துல நகல் எடுத்து வெச்சிட்டேன். நேம் சர்வரை மாத்தினா போதும். ஓடிபி உங்க போனுக்குத்தான் வரும். நீங்கதான் மாத்தணும்" என்றீர்கள். நேம் சர்வர் என்றால் யார் என்று கேட்டேன். "நம்ம சைட்டோட பேரைச் சொன்னா, அது எங்க இருக்குதுன்னு வழி சொல்ற ஆளு மாதிரிங்க மாமா" என்றீர்கள். புது ஆளை முதலில் தயார் செய்துவிட்டு, பழைய ஆளையும் சில நாள் வேலையில் வைத்திருந்தால், வருகிறவர்கள் யாரைக் கேட்டாலும் வழி கிடைக்கும், மாறியது ஒருவருக்கும் தெரியாது என்றும் சொன்னீர்கள். நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதென்று ஞாயிறு காலை நல்ல நேரம் பார்த்து, குளித்து, விபூதி பூசி, ஓடிபி போட்டு மாற்றினேன். அன்று முழுவதும் ஒருவருக்கும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமைக்குள் பாப்பாரப்பட்டி வரைக்கும் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையிலேயே காரிமங்கலத்துக்காரர் மாது பஸ் பிடித்து வந்துவிட்டார். அவர் பெண் மேனகாவை உங்களுக்குத் தெரியாது. தருமபுரியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள், ஊசி குத்துவது போலவே பேசுவாள். பாப்பாரப்பட்டி ஜெயபாலின் மகன் ராஜாவுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள், நம் மையத்தின் மூலமாகத்தான். "அண்ணா, நிச்சயம் ஆயிடுச்சுங்க. பொண்ணு பேரை சைட்ல இருந்து எடுத்துடுங்க. சம்பந்தி கோவக்காரருங்க" என்றார் மாது. சில நாளைக்கு சைட்டில் எதையும் மாற்றாதீர்கள் என்று நீங்கள் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனால் ஏன் மாற்றக் கூடாது என்று நீங்கள் சொல்லவில்லையே? பஸ் ஏறி வந்த மனிதரிடம் எங்கள் வழிகாட்டி மாறிக்கொண்டிருக்கிறார், பிறகு வாருங்கள் என்றா சொல்ல முடியும்? மேனகாவின் பெயருக்கு நேராக 'நிச்சயமாகிவிட்டது' என்று போட்டு, என் போனிலேயே அவருக்குக் காட்டினேன். மனிதர் மகிழ்ச்சியாக ஒரு பெட்டி தக்காளி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார்.

மறுநாள் ஜெயபால் வந்தார். செருப்பைக்கூட கழற்றவில்லை. "மாரப்பண்ணா, இது என்னங்க நியாயம்? எங்க வூட்டுல தட்டு மாத்திட்டு, இன்னும் வரன் தேடுறாங்களே!" என்று போனை என் மூக்குக்கு நேராக நீட்டினார். அதில் மேனகாவின் படத்துக்குக் கீழே 'வரன் தேடுகிறோம்' என்று பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. நான் என் போனை எடுத்துக் காட்டினேன். அதில் நிச்சயமாகிவிட்டது. ஒரே பெண், ஒரே சைட், ஒரே மேசை. என் போனில் நிச்சயம், அவர் போனில் தேடல். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் போன் இன்னும் பழைய ஆளிடமே வழி கேட்டு, பழைய இடத்துக்கே போய்க்கொண்டிருக்கிறது. நீங்கள் சொன்ன விளக்கத்தையே அவருக்கும் சொன்னேன். "வழி சொல்ற ஆளு இப்ப ரெண்டு பேருங்க. ஒருத்தரு பழைய இடத்துக்கு அனுப்புறாரு, இன்னொருத்தரு புது இடத்துக்கு" என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அப்ப எங்களுக்கு ஒரு எடம், பெரிய எடத்து மாப்பிள்ளைங்களுக்கு ஒரு எடமுங்களா?" என்றார். இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லை மாப்பிள்ளை.

எல்லாக் குழப்பத்துக்கும் பழைய ஆள்தானே காரணம் என்று, ஜெயபாலின் கண்ணெதிரே பழைய கம்பெனிக் கணக்கை மொத்தமாக ரத்து செய்தேன். சில நாள் வைத்திருக்கச் சொன்னீர்கள்தான். சம்பந்தம் முறிகிற நேரத்தில் அதையெல்லாம் பார்க்க முடியுமா? இனி உங்கள் போனிலும் சரியாக வரும் பாருங்கள் என்றேன். பார்த்தார். 'இந்தத் தளத்தை அடைய முடியவில்லை' என்று வந்தது. "மாட்டிக்கிட்டதும் கடையை மூடிட்டீங்களா?" என்று கத்தினார். தெருவில் போன தக்காளி டிராக்டர்கூட நின்றது. இதற்கு நடுவில், ஜாதகம் மெயிலில் அனுப்பிய நாலைந்து பேர் போன் செய்து, மெயில் இன்னும் போய்ச் சேரவில்லை என்று தகவல் வருகிறது, எங்கள் பையனைப் பிடிக்கவில்லை என்றால் நேரடியாகச் சொல்லலாமே என்று வருத்தப்பட்டார்கள்.

சாயங்காலம் சேதி கேட்டு மாதுவும் மேனகாவும் வந்து சேர்ந்தார்கள். ஜெயபால் நாற்காலியை விட்டு நகரவேயில்லை. மாது வாசலிலேயே நின்று அவரைக் கும்பிட்டார். நிச்சயம் முறிந்துபோனால் அந்தக் குடும்பத்துக்கு எப்படி முகம் காட்டுவேன் என்று எனக்கும் கவலை. மேனகா மட்டும் அமைதியாக என் போனை வாங்கி எதையோ தேடினாள்.

"மாமா, என் பேரு இருந்ததுக்குத்தான இவ்வளவு கோவம்?" என்று ஜெயபாலைக் கேட்டாள்.

"பின்ன இருக்காதா?"

"நியாயந்தாங்க. இதுல உங்க பையன் பேரு இன்னும் இருக்குதே, அதை எப்ப எடுப்பீங்க?"

போனைத் திருப்பிக் காட்டினாள். ராஜா, பாப்பாரப்பட்டி, மணமகள் தேடுகிறோம். நீங்கள் வைத்த புது இடத்தில், எந்தக் குழப்பமும் இல்லாமல், பளிச்சென்று.

ஜெயபால் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "அது வந்தும்மா... கல்யாணம் ஆனதும் எடுத்துக்கலாம்னு..."

"எங்கப்பா நிச்சயம் ஆன மறுநாளே பஸ் ஏறி வந்தாருங்க" என்றாள் மேனகா. குரலை உயர்த்தவே இல்லை. பிறகு ராஜாவுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, "உங்களுக்குப் பொண்ணு தேடுறாங்களாம், தெரியுமா?" என்றாள்.

"எனக்கா? தேடித்தான் நீ கெடச்சிட்டியே. யாரு தேடுறது?" என்றான் அந்தப் பையன். அப்பாவியாகத்தான் கேட்டான். மாதுதான் முதலில் சிரித்தார், பிறகு எல்லோரும். ஜெயபால் கடைசியாகச் சிரித்தார். அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி ராஜாவின் பெயரை எடுத்தேன். கல்யாணம் தை மாதத்தில், உறுதி.

ஆனாலும் மாப்பிள்ளை, அந்தப் பெண் அவ்வளவு தெளிவாக இருந்ததால் பிழைத்தோம். ஒருவருக்கும் தெரியாது என்று நீங்கள் சொன்ன வார்த்தையை நம்பியதால் ஒரு சம்பந்தம் போயிருக்கும். அவசரப்பட்டது நீங்கள். முழுதாகத் தயார் செய்யாமல் பொறுப்பை ஒப்படைத்தது நீங்கள். மையத்தின் மானத்தை டிராக்டர்காரர் வரை கொண்டுபோனது நீங்கள். ஆகவே எல்லாவற்றையும் பழையபடி மாற்றிவிட்டு, இனிமேல் இந்த சைட்டில் நீங்கள் கை வைக்க வேண்டாம் என்று மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தை உங்களை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். சுசித்ராவுக்கு எங்கள் அன்பு. இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மனம் வருந்தும் மாமனார்,
மாரப்பன்

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் சுசித்ரா போன் செய்தாள். மெயில் வரவில்லை என்றதும், உங்கள் லேப்டாப்பைப் பார்த்து ஒரு வரி சொன்னாள், புது கம்பெனிக் கணக்கில் சேர்த்தேன். தேங்கிக் கிடந்த மெயில்கள் வந்து விழுந்தன. முதலாவது உங்களுடையது, ஞாயிறு காலை அனுப்பியது. 'மாமா, எதையும் எழுத்தில் கொடுங்கள் என்று சொல்வீர்கள், அதனால் எழுதுகிறேன். புதியதில் மெயிலுக்கு வழி சொல்லும் வரியை இன்னும் சேர்க்கவில்லை. தயவுசெய்து எதையும் தொட வேண்டாம். வரும் சனிக்கிழமை நானே நேரில் வந்து கூட இருந்து மாற்றித் தருகிறேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவையும் மறுபடி எழுத எனக்குக் கையில் தெம்பில்லை. ஆகவே மேலே 'நீங்கள்' என்று வரும் இடத்திலெல்லாம் 'நான்' என்று படித்துக்கொள்ளவும். சனிக்கிழமை அவசியம் வரவும், அத்தை கோழி சொல்லிவைத்திருக்கிறாள்.