ஆர்க்கிட் மன்றத்தின் முதல் பூ

காம்பு இருந்தது. பூவைக் காணோம்.

விஜிலா டீச்சர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தூத்துக்குடி உப்புக்காற்றில் ஆர்க்கிட் பிழைக்காது என்று சக ஆசிரியர்கள் சிரித்தபோது, பள்ளியின் ஆர்க்கிட் மன்றப் பிள்ளைகளோடு மழைநீரைச் சேர்த்து ஊற்றி வளர்த்த செடி. நேற்றுதான் முதல் பூ விரிந்திருந்தது. இன்று வன அலுவலர் வருகிறார். பூவைப் பார்த்து நம்பிக்கை வந்தால், மலைக்காட்டில் அழிந்துவரும் ஆர்க்கிட் கன்றுகளை மன்றத்திடம் வளர்க்கக் கொடுப்பார். ஜீப்பிலேயே கொண்டு வருகிறாராம்.

"எந்தத் திருட்டுப்பய பறிச்சான்?"

"ஆரும் திருடல டீச்சர்," என்றாள் ஆயா பிளாரன்ஸ், பெருக்கியபடியே. டீச்சர் வாயால் ஒன்று சொல்லிவிட்டால் அதை மறக்காதவள். மறுநாளைக்குத் தள்ளவும் மாட்டாள்.

"அப்ப பறந்தா போச்சு? ஆண்டுவிழா அலங்காரப் பெட்டிய எடுத்துட்டு வா."

பெட்டியில் ஊதா நிறத்தில் ஒரு துணிப்பூ இருந்தது. டீச்சர் அதைப் பச்சை நூலால் காம்பில் கட்டினாள். தள்ளி நின்று பார்த்தால் அசல்தான். மன்றத் தலைவன் அனிஷ் தள்ளி நின்றுதான் பார்த்தான். பூ வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தண்ணீர் தெளித்தான். ஊதாச் சாயம் இலைகளில் வழிந்தது.

"ஏலே, என்ன காரியம் பண்ணுத!"

டீச்சர் துடைத்தாள். இலை முழுக்க ஊதாவானது.

அந்த நேரம் பார்த்து செல்போன் அடித்தது. கணவன் ஆன்றோ. கப்பல் வேலையில் இருந்து விடுமுறைக்கு வந்தவன். பாதி விடுமுறை கண்ணாடி முன்னால் தலைசீவுவதிலேயே போய்க்கொண்டிருந்தது.

"விஜி, என் சீப்ப எங்கன வச்ச?"

"இப்ப உங்க சீப்புதான் ஒலகத்துல கொறச்சலாக்கும்!"

போனை அணைத்தாள். வாசலில் ஜீப் சத்தம். கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"மாதாவே, இந்தக் கன்னுங்க மட்டும் கைக்கு வரட்டும், எங்க வீட்டுக்காரருக்கு மொட்ட போடுதேன்!"

"பாத்துச் சொல்லுங்க டீச்சர்," என்றாள் பிளாரன்ஸ். "நேர்ந்துக்கிட்டா செஞ்சிரணும்."

அலுவலர் வந்து அமர்ந்தார். அனிஷ் மனப்பாடமாக முழங்கினான்: "பூவைப் பறிக்காதீர்! ஒரு பூ போனால் ஆயிரம் விதை போகும்!"

அலுவலர் கைதட்டிவிட்டு எழுந்து பூவை மெல்லத் தொட்டார். அது அவர் கையோடு வந்துவிட்டது. விரலெல்லாம் ஊதா.

"சார், நெசப் பூவ ஆரோ பறிச்சுட்டாங்க," என்றாள் டீச்சர். "இது ஆண்டுவிழாப் பூ."

அவர் கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டே குனிந்து காம்பைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"வெட்டுன எடம் இன்னும் பச்சையா இருக்கு. பூத்தது உண்மைதான். இந்தக் காத்துல பூக்க வச்சவங்க மத்ததையும் காப்பாத்திருவீங்க."

கன்றுகள் ஜீப்பிலிருந்து இறங்கின. பிள்ளைகள் குதித்தார்கள்.

ஜீப் போனதும் டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அந்தப் பூவப் பறிச்சது ஆருன்னு மட்டும் தெரியட்டும்."

"நான்தான்," என்றாள் பிளாரன்ஸ். "மொட்டு கருகப் பாத்தப்ப, 'பூத்தா மொதப் பூ மாதாவுக்கு'ன்னு நீங்கதான டீச்சர் நேர்ந்தீங்க? காலப் பூசைக்கே கொண்டு வச்சுட்டேன். இப்ப முடிவெட்டுற ஆளையும் உங்க வீட்டுக்கு அனுப்பியாச்சு. அண்ணன் இனிமே சீப்பத் தேட வேண்டாம்."