கழக்கூட்டம் வரும்வரை கண்ணைத் திறக்காதே

பத்மநாபசுவாமி முன்னால்கூட நிமிர்ந்து நிற்கிற ஆட்கள் இந்தத் திருவனந்தபுரத்தில் உண்டு. கண்டக்டர் முன்னால் தலை குனியாதவர் ஒருத்தரும் இல்லை. வக்கீல் குனிந்திருக்கிறார். நாளைக்கு முகூர்த்தம் என்று நின்ற கல்யாணப் பெண் குனிந்திருக்கிறாள். எங்கள் ஹாஸ்டல் ஓனரம்மா குனிந்ததை நான் என் கண்ணாலேயே பார்த்தேன். குனிந்த தலையைக் கண்டக்டர் இரண்டு விரலால் வகிடு பிரித்துப் பார்ப்பாள். அப்புறம் ஒரே பேச்சுதான்: "அஞ்சு நிமிஷம்."

கண்டக்டர் என்றால் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவள் இல்லை. சாலை பஜாரில் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறவள். ஆரியசாலையில் நான் சமையல் செய்கிற பெண்கள் ஹாஸ்டலில் மாடியில் மூன்றாம் நம்பர் அறை அவளுக்கு. சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, நாற்பது வயசு இருக்கும். ரிஜிஸ்தரில் ஒரு பேர் எழுதியிருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

பொடுகுக்கென்று மருந்து ஷாம்பு ஒன்று உண்டு. ரோஸ் கலராக இருக்கும், பேர் என் வாயில் நுழையாது. கண்டக்டரின் வாழ்க்கையே அந்தப் பாட்டிலைச் சுற்றித்தான். அதை எல்லாரும் வாங்குகிறார்கள், ஒருத்தருக்கும் போடத் தெரியவில்லை என்பது அவளுடைய தீராத விசாரம். வாசனை ஷாம்பு மாதிரி தேய்த்த கையோடு தண்ணீரை ஊற்றிவிட்டு, "மருந்து பிடிக்கலை" என்று வந்து நிற்பார்களாம். தலைத்தோலில் அது அஞ்சு நிமிஷம் ஊற வேண்டும், வாரம் இரண்டு தடவை, ஒரு மாசம். இதைச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு கேட்கிற மாதிரி வாங்குகிறவரைத் திருப்பிச் சொல்லவைப்பாள். ஒரு ஆள் தெரியும் என்கிற மாதிரி "அறியாம், அறியாம்" என்று பாட்டிலுக்குக் கை நீட்டினாராம். இவள் பாட்டிலைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டாள். கடை முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். மறுநாள் அந்த ஆளே வந்து ஒழுங்காக ஒப்பித்து வாங்கிக்கொண்டு போனார். தலையில் புண்ணோ சீழோ இருந்தால் மட்டும் பாட்டிலைக் கண்ணிலேயே காட்டமாட்டாள். தோல் டாக்டரிடம் துரத்திவிடுவாள்.

ஒரு நாள் பஸ்ஸில் முன்சீட்டில் ஒரு வக்கீல். கறுப்புக் கோட்டின் தோள் முழுக்க வெள்ளைப் பொடி. இவள் பின்னாலிருந்து தட்டி, "சார், கோட்டுல ரவை கொட்டிக் கிடக்கு" என்றிருக்கிறாள். அவர் உதறினார். "உதறினா போவாது, குனிங்க" என்றாள். வஞ்சியூர் கோர்ட்டில் ஜட்ஜுக்கு மட்டும் குனிகிற மனுஷன் ஓடுகிற பஸ்ஸில் குனிந்தார் என்று அன்றைக்குக் கூடப் போன ஹாஸ்டல் பிள்ளைகள் வந்து சொன்னார்கள். நான் நம்பவில்லை. அடுத்த மாசம் அந்த வக்கீல் சுத்தமான கோட்டோடு கடை வாசலில் வந்து கும்பிட்டுவிட்டுப் போனதாகச் சொன்னபோது நம்பினேன்.

கண்டக்டர் என்று பேர் வந்தது எங்கள் ஹாஸ்டல் குளியலறையில்தான். கீழ்த் தளத்தில் ஒரே குளியலறை, எட்டுப் பிள்ளைகள். துணிக்கடையில் நிற்கிறவர்கள், நர்சிங் படிக்கிறவர்கள். எல்லாருக்கும் காலையில் அவசரம். அதற்குள் இவள் பாதிப் பேருக்கு மருந்து ஷாம்பு வாங்கிக் கொடுத்துவிட்டாள். உள்ளே போகிறவள் அஞ்சு நிமிஷம் நின்றால் வெளியே கதவை உடைப்பார்கள். முந்நூறு வரை எண்ணு என்றால் குதிரை ஓட்டத்தில் எண்ணிவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். போனைப் பார்க்கலாமென்றால் கண்ணில் நுரை, போன் வாளியில். கடைசியில் கண்டக்டரே கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். பஸ்ஸில் போகும்போதெல்லாம் கேட்டுக் கேட்டு மனப்பாடமான ஸ்டாப்புகளைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"கிழக்கேகோட்டை. ஆள் ஏறட்டும். ஓவர்பிரிட்ஜ். ஸ்டேச்சு... இறங்குதவங்க இறங்குங்க. பாளையம்."

நிறுத்தி நிறுத்தி, சிக்னலில் நின்று, ஆள் ஏற்றி இறக்கி, பட்டம், கேசவதாசபுரம், உள்ளூர், ஸ்ரீகாரியம் என்று போவாள். கழக்கூட்டம் வந்து சேரச் சரியாக அஞ்சு நிமிஷம். நர்சிங் பிள்ளை ஒருத்தி வாட்ச் வைத்துப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். "கழக்கூட்டம் வரும்வரை கண்ணைத் திறக்காதே" என்பது சட்டம். வரிசையில் நிற்கிற பிள்ளைகளும் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டார்கள். "இப்ப எங்க வந்திருக்கு?" என்று கேட்பார்கள். "பட்டம்" என்று பதில் வந்தால், இன்னும் பல் தேய்க்க நேரமிருக்கிறது என்று போய்விடுவார்கள்.

இதையெல்லாம் நான் அடுக்களை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தேன், கேட்டேன். யாரிடமும் வாய் திறந்து பேசுகிற பழக்கம் எனக்கு இல்லை. அஞ்சாம் வகுப்போடு நின்றவள், புருஷன் போனபிறகு வள்ளியூரிலிருந்து இங்கே சமையலுக்கு வந்தவள். அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறைதான் என் வீடு. தலையில் எப்போதும் ஒரு தோர்த்துத் துண்டைக் கட்டியிருப்பேன். சமையல்காரி எவ்வளவு சுத்தம் என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் துண்டுக்குக் கீழே என் தலை பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அரிப்பு வந்தால் கதவுக்குப் பின்னால் போய் சீப்பு நுனியால் சொறிந்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வருவேன். ராத்திரி தேங்காயெண்ணெயை ஊற்றி ஊற்றி அமர்த்துவேன். மறுநாள் இரட்டிப்பாக அரிக்கும். இப்படிப் பதினோரு வருஷம்.

ஒரு காலை, புட்டுக்குக் கடலைக்கறி. ஒரு பிள்ளையின் தட்டில், கறிக்கு மேலே வெள்ளையாக என்னமோ மிதந்தது. அவள் தேங்காய்ப்பூ என்றாள். பக்கத்தில் இருந்த துணிக்கடைப் பிள்ளை கெட்டிக்காரி. கடலைக்கறிக்குத் தேங்காயைச் சிவக்க வறுத்துத்தானே அரைப்பார்கள், வெள்ளைத் தேங்காய் எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். எல்லாரும் என் துண்டைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ஓனரம்மா வந்தார். கெட்ட மனுஷி இல்லை. சொல்லவே அவருக்குச் சங்கடமாக இருந்தது.

"செல்லம்மே, ஞான் என்ன செய்யும்? பிள்ளைகளுடெ வீட்டிலிருந்து போன் விளிச்சு கேக்குந்நு. ஒரு மாசம். அதுக்குள்ள தலை சரியாகணும். இல்லெங்கில் ஞான் வேற ஆளை நோக்கும்."

ஒரு மாசம் கழித்து நான் எங்கே போவேன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை கண்டக்டர் நேராக அடுக்களைக்குள் வந்தாள்.

"யம்மா, துண்டை எடுங்க."

நான் எடுக்கவில்லை. அவள் தேங்காய் துருவுகிற பலகையில் உட்கார்ந்துகொண்டாள். நான் அரிசி களைந்தேன், காய் நறுக்கினேன், பருப்பை அடுப்பில் ஏற்றினேன். அவள் அசையவில்லை.

"கடைக்கு நேரமாகலையா?"

"ஆவுது."

"போகலையா?"

"துண்டு இறங்கட்டும், நானும் இறங்குதேன்."

பருப்பு வெந்தபோது எடுத்தேன். அவள் முகம் சுளிக்கவில்லை. விரலால் வகிடு பிரித்து ரொம்ப நேரம் பார்த்தாள். புண் இல்லை, பயப்பட வேண்டாம் என்றாள். இது ஒருத்தரிடமிருந்து ஒருத்தருக்குத் தொற்றாது என்றும் சொன்னாள். அப்புறம் விளக்கினாள்: "ஊறுகாயில வெள்ளையா பூக்குமுல்லா, அந்த மாதிரி ஒரு பூசணம் தலையில. இந்த மருந்து அதைக் கொல்லும்." ஷாம்பு பாட்டிலை என் கையில் வைத்தாள். கிளம்பும்போது வாசலில் நின்று, "எண்ணெயை நிப்பாட்டிருங்க" என்றாள்.

அதுதான் என்னால் முடியாமல் போனது. புருஷனோடு பூ போனது, பொட்டு போனது. எண்ணெய் ஒன்றுதான் மிச்சம். இந்த ஊரில் எண்ணெய் வைக்காத தலையைப் பார்த்தால் யார் செத்தது என்று கேட்பார்கள். கண்டக்டரின் வறண்ட தலையைப் பார்த்தே பழவங்காடிக் கோயிலில் ஒருத்தி துக்கம் விசாரித்திருக்கிறாள். தவிர, அவள் சொன்னது எனக்கு இன்னொரு விதமாகவும் பட்டது. ஊறுகாய் போடத் தெரியாதவள் சொல்லலாம். நான் போடுகிறவள். ஊறுகாய் பூத்தால் என்ன செய்வோம்? மேலே மிதக்க மிதக்க நல்லெண்ணெய் ஊற்றுவோம். எண்ணெய் நின்றால் பூசணம் வராது. அப்படியானால் என் தலைக்கு எண்ணெய் போதவில்லை என்றுதானே அர்த்தம்?

மத்தியானம் ஹாஸ்டலில் யாரும் இல்லை. உருளியில் தேங்காயெண்ணெய் ஊற்றி, துளசி, கறிவேப்பிலை, செம்பருத்திப்பூ போட்டுக் காய்ச்சினேன். பதம் வருகிற நேரம், மருந்தும் சேரட்டும் என்று ரோஸ் ஷாம்புவை முழுப் பாட்டில் கவிழ்த்தேன்.

அது படபடவென்று வெடித்தது. நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். பிறகு பொங்கியது. பால் பொங்கிப் பார்த்திருக்கிறேன், பாயசம் பொங்கிப் பார்த்திருக்கிறேன். இப்படி ரோஸ் கலரில் உருளியைத் தாண்டி, அடுப்பை அணைத்து, மேடையிலிருந்து தரைக்கு இறங்கி வாசலைப் பார்த்து நடந்து வருகிற ஒன்றைப் பார்த்ததில்லை. அதே வாசலில் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த கண்டக்டர் நின்றுகொண்டிருந்தாள்.

கேஸைத் திருகி மூடினாள். எனக்குச் சூடு பட்டதா என்று கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்புறம்தான், "ஏன்ம்மா?" என்றாள்.

ஊறுகாய்க் கணக்கைச் சொன்னேன். என் வாழ்நாளில் ஒரே மூச்சில் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். அவள் நுரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். நான் பயந்து தண்ணீர் கொண்டுவந்தேன்.

"நீங்க சொன்னதுதான் சரி. தப்பு எம்மேல. ஊறுகாய் போடாதவ ஊறுகாயைப் பேசப்படாது. தலையில இருக்க பூசணம் எண்ணெயத் தின்னுதான் வளருது. நீங்க பதினோரு வருசமா அதுக்குச் சோறு போட்டிருக்கீங்க."

சமையல்காரிக்கு இது புரிந்தது. அழையாத விருந்தாளிக்குத் தினமும் இலை போட்டிருக்கிறேன். அன்றோடு எண்ணெயை நிறுத்தினேன். சாயங்காலம் அவள் இன்னொரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவள் அதோடு விடவில்லை. கடையில் இத்தனை நாள் எல்லாரிடமும் ஊறுகாய் என்றே சொல்லியிருந்தாளாம். எத்தனை பேர் வீட்டில் போய் எண்ணெயை ஊற்றினார்களோ என்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரு வாரம் தெரிந்த தலைகளையெல்லாம் வழிமறித்துத் திருத்தினாள். வக்கீலைப் பார்க்க ஒரு நாள் கோர்ட் வாசலிலேயே போய் நின்றாள். அவர் வேறு ஏதோ கேஸ் என்று நினைத்து நடுங்கிப்போனாராம்.

புதன், ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளைகள் எல்லாரும் குளித்து முடித்தபிறகு என் முறை. நனைந்த தலையில் மருந்து நுரைத்ததும் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வேன். வெளியே குரல் வரும். "கிழக்கேகோட்டை. யம்மா ஏறியாச்சா? ஜன்னலோரம் உக்காருங்க."

ஒன்று சொல்கிறேன். இந்த ஊருக்கு வந்த இத்தனை வருஷத்தில் நான் சாலை பஜாரையும் பழவங்காடிப் பிள்ளையாரையும் தாண்டிப் போனதில்லை. கூச்சம்தான். பஸ்ஸில் எங்கே இறங்க வேண்டும் என்று யாரிடம் கேட்பது? அந்த அஞ்சு நிமிஷத்தில் நான் ஊர் முழுக்கப் போனேன். எனக்கென்று அவள் ஸ்டாப்போடு நிறுத்தாமல் கூடுதலாகச் சொன்னாள். பாளையத்தில் மீன்கூடையோடு ஒருத்தி ஏறுவாள், பட்டத்தில் மழை பிடிக்கும், ஜன்னல் ஷட்டரை இறக்குவார்கள், உள்ளூர் ஏற்றத்தில் பஸ் முக்கும். கழக்கூட்டம் வந்ததும் தண்ணீரை ஊற்றினால் நெற்றி வழியாக இறங்குகிற தண்ணீரோடு அரிப்பும் இறங்கும். மூன்றாம் வாரம் சீப்பை எங்கே வைத்தேன் என்பதே மறந்துபோனது.

ஒரு மாசம் முடிந்தது. எட்டுப் பயணம் போய்விட்டு வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓனரம்மா வந்து, எல்லாரும் சாப்பிடுகிற இடத்தில் வைத்து, "செல்லம்மே, ஒண்ணு காணிக்கணும்" என்று தலையைக் காட்டச் சொன்னார். என் கை துண்டு வரை போய் அங்கேயே நின்றுவிட்டது. தலை சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் அத்தனை பேர் முன்னால் என்னால் முடியவில்லை. முடியாது என்றால் வேலை போய்விடும். அதுவும் தெரியும்.

கண்டக்டர் தட்டைக் கீழே வைத்தாள்.

"மேடம், பாக்கணும்னா எல்லாத் தலையையும் பாக்கணும். ஒருத்தரை மட்டும் பாத்தா அது நியாயமில்ல. வரிசையா நில்லுங்கடீ."

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுந்து வரிசையாக நின்று குனிந்தார்கள். நடுவில், யாரும் என்னைத் தனியாகப் பார்க்காத இடத்தில், நானும் துண்டை எடுத்துவிட்டுக் குனிந்தேன். கண்டக்டர் ஒவ்வொரு தலையாகப் பிரித்துக் காட்டிக்கொண்டே வந்தாள். ஓனரம்மா கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். என் தலைக்கு வந்தபோது, "கொள்ளாம்" என்றார். நல்லா இருக்கு என்று அர்த்தம். அத்தோடு என் அறை எனக்கு நிலைத்தது.

வரிசை முடிந்த இடத்தில் கண்டக்டர் நிற்கவில்லை. ஓனரம்மாவைப் பார்த்து, "இனி நீங்க" என்றாள். ஓனரம்மாவுக்கு இடுப்பு வரை முடி, தினம் காய்ச்சின எண்ணெய், நெற்றியில் எண்ணெய் மினுங்கும். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். எட்டுப் பிள்ளைகளும் நானும் குனிந்த தலையோடு நின்றோம். அவரும் குனிந்தார்.

கண்டக்டர் வகிடு பிரித்தாள். "அஞ்சு நிமிஷம்" என்றாள்.

அடுத்த புதன்கிழமை எங்கள் ஹாஸ்டல் குளியலறையில் ஓனரம்மா. வெளியே நாற்காலியில் இவள். ஸ்டேச்சு வரும்போதே உள்ளேயிருந்து, "மதியோ?" என்று, போதுமா என்று கேட்டார். "இது பாஸ்ட் பாசஞ்சர் இல்ல மேடம், எல்லா ஸ்டாப்பிலயும் நிக்கும்" என்று பதில் போனது.

போன வருஷம் அவளுடைய அம்மாவுக்கு முடியாமல் போய், கண்டக்டர் சங்கரன்கோவிலுக்கே திரும்பிப் போய்விட்டாள். அங்கேயும் ஒரு மருந்துக்கடையில்தான் நிற்கிறாளாம். அந்த ஊர்த் தலைகள் இந்நேரம் குனிந்திருக்கும்.

பொடுகு திரும்பி வராமல் இருக்க, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அந்த ஷாம்புவைப் போடச் சொல்லியிருக்கிறாள். போடுகிறேன். கண்ணை மூடிக்கொண்டு கிழக்கேகோட்டையிலிருந்து நானே மெதுவாகச் சொல்லிக்கொள்கிறேன். பாளையத்தில் மீன்காரியை ஏற்றுகிறேன், பட்டத்தில் ஷட்டரை இறக்குகிறேன். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் சரி, கண்டக்டர் சீட்டில் மட்டும் யாரையும் உட்காரவிடுவதில்லை.