பூகோள சாரின் புதையல்

"சார், அங்க டப்பா இல்ல" என்று மூன்றாவது குழுவும் வந்து நின்றபோதுதான் பூகோள சாருக்குச் சந்தேகம் தட்டியது.

முகத்தை ரொம்பவும் சோகமாக வைத்துக்கொண்டு நான்காம் வகுப்பு முழுவதும் பள்ளிக்கூட வாசலில் கூடிவிட்டது. ஆளுக்கொரு மேப் கையில்.

"மேப்பைச் சரியாப் பாத்தீங்களா?"

"பாத்தோம் சார். வாசல்லேர்ந்து வடக்க போனோம். மரத்தைத் தாண்டி, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, கவுத்து வெச்ச வாளி. அடியில ஒண்ணுமே இல்ல."

இத்தனை வருடமாகப் பூகோளத்தை அவர் புத்தகத்தைப் பார்த்து வாசிப்பார், பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். இந்த வருடம்தான் ஆசை வந்தது. மிட்டாய் டப்பாவை ஒளித்துவைத்து, மேப் போட்டுக் கொடுத்து, தேடவிட்டால் திசை தானாக மண்டையில் ஏறாதா? தலைமை ஆசிரியையிடம் கெஞ்சினார்.

"இன்னைக்கு ஒரு நாள் பாப்போம். நல்லா நடந்தா வாரா வாரம் வெச்சுக்குங்க. இல்லேன்னா அந்த பீரியடைக் கணக்கு டீச்சருக்குக் குடுத்துடுவேன்" என்றிருந்தார் அவர்.

இப்போது வாசலில் நின்ற பிள்ளைகளின் முகத்தைப் பூகோள சார் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கலாம். மனிதர் மேப்பை உற்றுப் பார்த்தார். 'நீங்க வடக்குன்னு கை காட்டினா நான் தெற்கே போயிடுவேன், சீக்கிரம் வீடு போய்ச் சேரலாம்' என்று மனைவி சொல்வது நினைவுக்கு வந்தது. அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டோமோ?

"வடக்கை மாத்திக்குங்க. இந்தப் பக்கம் போங்க."

பிள்ளைகள் பறந்தார்கள். அந்தப் பக்கம் இருந்தது மழலை வகுப்பு. மதியம் தூங்கிக்கொண்டிருந்த குட்டிகள் அத்தனையும் எழுந்து ஒரே குரலில் அழுதன. ஆயாம்மா வெளியே வந்து, "இதுங்களத் தூங்கவெக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்று கேட்டாள்.

திசையே வேண்டாம் என்று அடுத்த யோசனை செய்தார்.

"வாளிக்கு அடியிலதான் இருக்கு. எந்த வாளின்னு தேடுங்க."

அந்தப் பள்ளிக்கூடத்தில் எத்தனை வாளி உண்டு என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. தரை துடைக்க நிறைத்து வைத்திருந்ததையும் கவிழ்த்துவிட்டார்கள். அழுக்குத் தண்ணீர் படியிறங்கி அலுவலக அறைக்குள் போனது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

கடைசியில் தானே தொட்டிக்குப் பின்னால் ஓடினார். அவர் வைத்த அதே வாளி. தூக்கினார். வெறுந்தரை.

தான் வைத்த பொருளைத் தானே கண்டுபிடிக்க முடியாதவன் பிள்ளைகளுக்கு எந்தத் திசையைக் காட்டப்போகிறான்? இங்கேதான் வைத்தோமா, இல்லை அங்கேயா? பக்கத்தில் நிறுத்தியிருந்த சைக்கிள்களுக்கு அடியில் தவழ்ந்து தேடிக்கொண்டிருந்தபோது, ஈரமான இரண்டு செருப்புகள் அருகில் வந்து நின்றன. தலைமை ஆசிரியை.

"என்ன தேடறீங்க?"

"புதையல் மேடம்."

"எங்க வெச்சீங்க?"

"அதுதான் தெரியல மேடம்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பூகோள சார் தாங்கியிருப்பார்.

"சரி, எழுந்திருங்க. பசங்க என்னமோ சந்தோஷமாத்தான் ஓடறாங்க. அடுத்த வாரம் இன்னொரு தடவை வேணும்னா பாருங்களேன்."

அப்போது சார் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் அவமானம் வந்துவிட்டால் நாக்கு நம் பேச்சைக் கேட்பதில்லை.

"வேண்டாம் மேடம். எனக்கு இது வரல. கணக்கு டீச்சருக்கே குடுத்துடுங்க."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

பக்கத்திலேயே, துடைப்பத்தோடு தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்த கணக்கு டீச்சர், "ரொம்ப நன்றி சார். திங்கக்கிழமையே ஆரம்பிச்சிடறேன்" என்றார். கொடுத்ததைத் திரும்பக் கேட்க இனி எந்த முகம் இருக்கிறது?

வகுப்புக்குத் திரும்பி, முழங்கால் மண்ணைக்கூடத் தட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மேப் தப்பு. தப்பு என்னோடது. உங்கள வீணா அலையவிட்டுட்டேன். இனிமே இந்த விளையாட்டு கிடையாது, இந்த பீரியட் கணக்கு."

பிள்ளைகள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். கடைசி பெஞ்சில், வருடம் முழுக்க வாயே திறக்காத பெண் ஒருத்தி எழுந்தாள். பைக்குள் கையை விட்டு மிட்டாய் டப்பாவை எடுத்துவந்து அவர் மேஜைமேல் வைத்தாள். மூடியில் அவர் ஒட்டிய காகிதம் பிரியாமல் அப்படியே இருந்தது.

"மேப்ல போட்ட எடத்துலயேதான் சார் இருந்துச்சு, போன உடனே கெடச்சிருச்சு, குடுத்துட்டா வெளாட்டு முடிஞ்சிடுமேன்னுதான் எல்லாரும் சேந்து இல்லேன்னு சொன்னோம்."