பதினொன்றரை மணிப் பறவை

அலுவலகத்தில் குழந்தைகள் காப்பறை திறக்கப்படவிருப்பதாகச் சுற்றறிக்கை வந்தது. அதை முதலில் படித்தவள், அதைத் தட்டச்சு செய்தவள். எட்டு மாதப் பெண் குழந்தைக்குத் தாயான அவள் முதல் இரண்டு வரிகளை மகிழ்ச்சியோடு தட்டினாள். மூன்றாவது வரியில் விரல் நின்றது. காப்பறைக்கென ஒதுக்கப்பட்டிருந்தது, ஓய்வுபெற்ற இயக்குநரின் அறை.

மேற்படி இயக்குநருக்கு அலுவலகம் சூட்டியிருந்த பெயர் புகைவண்டி. தாமதமாக வருவார், வந்ததும் புகைவிடுவார். பத்தொன்பது ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு, ‘புகைபிடிக்காதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே அமர்ந்து, இடைவிடாமல் புகைத்துப் பணியாற்றினார். சுவர்கள் பழைய பல்லின் நிறத்துக்கு வந்திருந்தன. திரைச்சீலையைத் தொட்டால் விரல் பிசுபிசுத்தது. தரைவிரிப்போ, காலை வைத்தால் பெருமூச்சு விட்டது. அதில் சிகரெட் நாறியது.

தடுப்பூசி போடப் போனபோது குழந்தை மருத்துவர் சொன்னது தட்டச்சருக்கு நினைவிருந்தது. “புகை போயிடும்மா, அது விட்டுட்டுப் போற விஷம் போகாது. சுவர், திரை, துணின்னு ஒட்டிக்கிட்டு மாசக்கணக்கா கிடக்கும். தவழுற குழந்தை கையை வைக்கும், அந்தக் கையை வாயில வைக்கும். ஜன்னலைத் திறந்தா சரியாயிடும்னு நினைக்காதீங்க.”

அவளுடைய மகள் கண்ணில் பட்ட எதையும் நக்கிப் பார்த்துத்தான் நம்புவாள். திங்கட்கிழமையிலிருந்து அந்த அறையில் தவழ வேண்டியவளும் அவள்தான்.

மனு எழுதினாள். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் அவள் கணவர், பால்கனியிலிருந்து உள்ளே வந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் படித்தார்.

“சிகரெட் கறையாம்! இது மனுவா, சலவைக்காரருக்குச் சீட்டா?”

“வேற எப்படி எழுதறதுங்க?”

“புகை எச்சம்னு எழுது. எஞ்சி நிக்கிறது எச்சம். அந்த ஒரு சொல்லுக்கே ஆபீஸ் எழுந்து நிக்கும் பாரு.”

அலுவலகம் எழுந்து நின்றது உண்மைதான். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

“வளாகத்துக்குள்ள புகைபிடிக்கத் தடை இருக்கு, தெரியுமாம்மா?” என்றார் தலைமை எழுத்தர்.

“தெரியும் சார். அந்த உத்தரவை டைப் அடிச்சதே நான்தான்.”

“தடை இருக்கு. ஆகவே யாரும் பிடிக்கல. யாரும் பிடிக்காத புகைக்கு எச்சம் எங்கிருந்தும்மா வரும்?”

“சுவரைப் பாருங்க சார்.”

இருவரும் அந்த அறைக்குப் போனார்கள். அவள் பலகையைக் கழற்றினாள். பழுப்புச் சுவரின் நடுவே, பலகை இருந்த இடம் மட்டும் பால் வெள்ளையாகச் சதுரமாக இருந்தது. தலைமை எழுத்தர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெகிழ்ந்துபோனார்.

“பாத்தியா? பலகை இருந்த இடத்துல ஒரு பொட்டு அழுக்கு இல்ல. விதி என்ன கறாரா வேலை செஞ்சிருக்கு!”

“மத்த இடத்துல?”

“மத்த இடத்துலதான் பலகையே இல்லையேம்மா.”

இருந்தாலும் இரக்கமுள்ள மனிதர். நறுமணத் தெளிப்பான் இல்லாத மேசை நாகரிகமற்றது என்று எல்லாப் பிரிவுகளும் நம்பிய காலம் அது. தம் மேசையிலிருந்த எலுமிச்சைத் தெளிப்பானை எடுத்து வந்து நான்கு மூலையிலும் அடித்தார். அதற்குப் பிறகு அந்த அறையில், எலுமிச்சைத் தோப்பு தீப்பிடித்த வாசனை வந்தது.

கோப்பு மொழிப் பிரிவுக்குப் போனது. எச்சம் என்றால் என்ன என்று தெளிவுபடுத்தக் கோரியிருந்தார்கள். மொழி அலுவலர் ஒரே நாளில் பதில் எழுதியது வரலாறு காணாத வேகம்: “எச்சம், பெயரெச்சம் வினையெச்சம் என இருவகைப்படும். ‘புகைத்த’ என்பது பெயரெச்சம். அதை அடுத்து ஒருவர் பெயர் வந்தாக வேண்டும். ஓய்வூதியம் பெறுபவர் எவர் பெயரையும் எழுத இப்பிரிவுக்கு அதிகாரம் இல்லை. பறவை இடுவதற்கும் எச்சம் என்று பெயருண்டு. அன்புகூர்ந்து உரிய பிரிவுக்கு அனுப்பவும்.”

உரிய பிரிவு இருந்தது. வெள்ளிக்கிழமை காலை, ஏணியும் தொலைநோக்கியுமாகப் பறவைத் தடுப்பு ஆய்வாளர் வந்து சேர்ந்தார். சுவரை விரலால் தொட்டு, முகர்ந்து, முகம் சுளித்தார்.

“வயிறு சரியில்லாத பறவை. மனு போட்டது நீங்கதானே? எப்ப வரும்?”

தட்டச்சர் வாய் திறந்தாள், உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான். ஆனால் ஆய்வாளரின் கையிலிருந்த படிவம் கண்ணில் பட்டது. ‘குழந்தைகள் புழங்கும் இடத்தில் எச்சம் காணப்படின்: திரையும் விரிப்பும் அப்புறப்படுத்தப்படும். சுவரும் கூரையும் மும்முறை சோப்பு நீரால் கழுவி வண்ணம் பூசப்படும். இரண்டு நாட்களுக்குள்.’

அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். “பதினொன்றரைக்கு வரும் சார்.”

“நேரம் தவறாதா?”

“சீக்கிரம் வந்ததே இல்ல.”

“கூடு?”

“அந்தச் சுழல் நாற்காலி.”

“சத்தம் போடுமா?”

“இருமும்.”

“அபூர்வ இனம்,” என்று ஆய்வாளர் ஆசையோடு குறித்துக்கொண்டார். “இப்ப எங்க?”

“ஓய்வு பெ… பறந்து போயிடுச்சு சார்.”

‘இடம்பெயர்ந்தது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

மனிதன் விட்ட புகைக்கு ஆண்டுக்கணக்கில் அசையாத அரசு, பறவைக்கு இரண்டே நாளில் அசைந்தது. முகமூடி அணிந்த ஆறு பேர் விரிப்பைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். மூன்று முறை கழுவினார்கள். வாளிகளில் தேநீர் நிறத்தில் தண்ணீர் ஓடியது. வெள்ளையடித்து, ஜன்னலுக்கு வலையும் கட்டினார்கள். திங்கட்கிழமை புதிய இயக்குநர் காப்பறையைத் திறந்துவைத்து, ‘பறவையற்ற அலுவலகம்’ என்ற தலைப்பில் உரையாற்றினார். பிறகு தம் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சுவரைக் காக்கும் வல்லமை நிரூபணமானதால், அந்தப் பழைய பலகை இப்போது அவருடைய தலைக்கு மேல் மாட்டப்பட்டிருந்தது.

“வலை கொஞ்சம் எஞ்சியிருக்கும்மா,” என்றார் தலைமை எழுத்தர். “எச்சம்தானே, நீயே எடுத்துட்டுப் போ.”

மாலையில் வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னாள். கணவர் பால்கனியிலிருந்து சிரித்துக்கொண்டே உள்ளே வந்து குழந்தையை வாங்கிக்கொண்டார். “பாத்தியா, எல்லாம் என் சொல்லோட பலம்!” குழந்தை அவர் சட்டைக் காலரை வாயில் போட்டுச் சப்ப ஆரம்பித்தது.

தட்டச்சரின் மூக்கு இப்போது அந்த அறையின் வாசனையை அடையாளம் காணப் பழகியிருந்தது. எலுமிச்சை இல்லை. மற்றது இருந்தது.

“சட்டையை மாத்திட்டுத் தூக்குங்களேன்.”

“எதுக்கு? வீட்டுக்குள்ள யாரும் பிடிக்கிறதில்லையே. பால்கனியிலதானே!”

இந்த வாக்கியத்தை அவள் எங்கேயோ கேட்டிருந்தாள். சுவர், திரை, துணி என்று மருத்துவர் மூன்று சொல்லியிருந்தார். சுவருக்கு மனு போட்ட மும்முரத்தில் துணியை மறந்துபோனவள் தானும்தான் என்பது அப்போது உறைத்தது. குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

“நம்ம பால்கனிக்கு ஒரு பறவை வருதுங்க.”

“என்ன பறவை?”

“காலையில ஏழு மணிக்கு, சாயங்காலம் ஆறுக்கு. வந்து எச்சத்தோட நேரா உள்ள வந்துடுது. குழந்தையை வேற தூக்குது.”

மெய்ப்புத் திருத்துபவர் வாக்கியத்தில் பிழை தேடினார். கிடைக்கவில்லை. “இதுக்கு… விதி என்ன சொல்லுது?” என்றார் ஈனக்குரலில்.

“மும்முறை சோப்பு நீர். பிறகு வலை.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு, தலையில் ஈரத்தோடு, அவர் வலைக்கு இந்தப் பக்கம் நின்று வெளியே ஏக்கமாகப் பார்த்தார். எதிர்க் கட்டடத்தில், மாடிக்கொன்றாக, ஆறு பால்கனிகளில் ஆறு பறவைகள் புகைந்துகொண்டிருந்தன. மாலைக்குள் அந்த ஆறு வீடுகளின் பெண்களில் மூன்று பேர் வந்து, வலை எங்கே கிடைக்கும் என்று தட்டச்சரிடம் கேட்டார்கள்.

“எங்க ஆபீஸ்ல ஒரு மனு குடுங்கக்கா,” என்றாள் அவள். “எச்சம்னு எழுதுங்க. எதோடதுன்னு மட்டும் எழுதிடாதீங்க.”