மானுக்குக் கொடுத்த மரியாதை

எனக்குச் சத்தம் போட வராது. கோபத்தில்கூட வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதுவரை இடாப்புக் கூப்பிடும்போது எனக்கும் சேர்த்துப் பக்கத்தில் இருந்தவன்தான் "வரவு" சொன்னான். ஜெர்மனிக்கு வந்த பிறகு அந்த வசதியும் போய்விட்டது.

மகள் துளசிக்கு நாங்கள் இருக்கிற ஹம் நகரத்திலேயே ஒரு ஜெர்மன்காரப் பொடியனோடு கலியாணம் பேசியிருந்தோம். அவனுடைய தகப்பன் டீற்றர் வேட்டைக்காரர். மூன்று தரம் சந்தித்தும் நான் "ஹலோ"வைத் தாண்டவில்லை.

"அப்பா, நீங்கள் கதைக்காததைப் பாத்து, உங்களுக்கு இந்தக் கலியாணத்தில விருப்பமில்லை எண்டு அவர் நினைக்கிறார்," என்றாள் துளசி. "சனிக்கிழமை மான் வேட்டைக்குக் கூப்பிடுறார். அங்கை கத்திறதுதான் வேலை."

"கத்திறதோ?"

"ஓம். வரிசையா நடந்து சத்தம் போட்டு மானைக் கலைக்கோணும். கதைக்க ஏலாட்டிப் பரவாயில்லை. கத்தினாக் காணும்."

(கதைக்காதவன் கத்தட்டும் என்ற யோசனை என் மனைவியுடையது.)

செம்மஞ்சள் அங்கி போட்டுப் பதினைந்து பேர் வரிசையில் நின்றோம். எல்லோரும் "ஹொப், ஹொப்" என்று கத்திக்கொண்டு காட்டுக்குள் இறங்கினார்கள். நானும் வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

முட்பற்றைக்குள் ஒரு மான் படுத்திருந்தது. ஓடவில்லை. வருடா வருடம் வேட்டை நடக்கிற காடு அது; சத்தம் கடந்து போகும்வரை அசையக்கூடாது என்று மான் படித்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தது. முன்பின் அறியாத ஒருவரை "எழும்பு" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"எழும்புங்கோ," என்றேன். "அங்காலை போங்கோ."

அது எழும்பி, என்னைச் சுற்றிக்கொண்டு பின்பக்கமாகப் போனது. அதன் பின்னால் இன்னும் ஐந்து. வரிசையில் சத்தமில்லாத ஒரே இடம் நான்தான் என்று அவை கண்டுபிடித்துவிட்டன. முன்னால் துவக்கோடு காத்திருந்தவர்கள் அன்று ஒரு வெடியும் வைக்கவில்லை.

டீற்றர் என்னிடம் வந்தார். "ஏன் கத்தவில்லை?" என்று மெதுவாகக் கேட்டார்.

கலியாணமே இந்தப் பதிலில்தான் நிற்கிறது என்று விளங்கியது. எனக்குத் தெரிந்த டொச் மொழியில் ஒரு வசனம்தான் வந்தது.

"எனக்கு வெட்கம்."

அவர் யோசித்தார். "கலியாணத்தைப் பற்றியுமா?"

"கலியாணம் நல்லது. எனக்குத்தான் வெட்கம்."

அவர் சிரித்த சிரிப்புக்கு மிச்ச மான்களும் ஓடியிருக்கும்.

கலியாணம் நடந்தது. அடுத்த வருடம் டீற்றர் என்னை வரிசையின் நடுவில் விட்டார். நான் கடந்துபோன இடத்துக்குப் பின்னால் துவக்கோடு தானே இருந்தார். நாலு மான் விழுந்தது. அதற்கடுத்த வருடம் மூன்று.

போன வருடம் என் பக்கம் ஒன்றும் வரவில்லை. எல்லாம் ஆகப் பெரிய சத்தம் போட்டவரின் காலடியால் ஓடித் தப்பிவிட்டன. இப்போது வீட்டில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால், மனைவி மகளிடம் சொல்கிறாள்:

"கவனம் பிள்ளை, அப்பா சத்தமில்லாமல் நிக்கிறார். பின்னால ஆரோ துவக்கோட இருக்கினம்."